மச்சான் முறுக்கிக்கொண்ட தீவு

மலேசியாவுக்கு எதற்குப் போனாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சுற்றுலா என்றே இதுவரை சொல்லி வந்தேன். கேட்டவர்களும் ஒரு மாதிரி சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். உண்மையில் நான் போனது ஒரு மனிதரைக் கூட்டி வர. அவர் என் அக்கா பொன்னியின் கணவர் சின்னராசு. ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் காப்பியும் மிளகும் போட்டிருந்தவர், ஓட்டல் வேலைக்கென்று மலேசியா போனார். போன முதல் வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பை நிறைய சாக்லேட்டோடு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஆளைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்கு போன் மட்டும் வரும். மகளிடம் பேசுவார். "எப்ப வரீங்க?" என்று அக்கா கேட்டால் அங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பேசுவார். இதற்குள் கொட்டச்சேடு டீக்கடையில் அவருக்கு ஒரு மலாய்க்காரியைக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தார்கள். நான் கிளம்புகிற சமயத்தில் மூத்தவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அங்க ஒருத்தி இருந்தா இருக்குதுன்னு வந்து சொல்லு சாமி, நான் எம்பாட்டுக்கு மெளகப் பாத்துக்கறேன். இல்லாட்டி ஆளக் கூட்டிட்டு வா. ரெண்டுல ஒண்ணு தெரியோணும்."

என்னை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா அதை ரைட்டர் வேலை என்பார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எவரும் அவருக்கு ரைட்டர்தான். இங்கிலீஷ் தெரிந்தவன், பாஸ்போர்ட் எடுத்தவன், கல்யாணம் ஆகாதவன். தொலைந்தாலும் அதிக நஷ்டமில்லை.

மச்சான் எந்தத் தீவில் இருக்கிறார் என்று தெரியும். எந்த இடத்தில் என்று தெரியாது. என் போன் அவருக்குப் போகவே போகாது. தீவில் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீவின் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று மச்சான் பிறகு சத்தியம் வாங்கிக்கொண்டார். எழுதினால் நம் ஊர்க்காரர்கள் வந்து இறங்கி, தெரிந்தவர் என்று சொல்லிக் காசு கொடுக்காமல் தங்குவார்களாம்.

முதல் நாள் படகுத்துறையில் நாசி லெமாக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் விட்ட சோறு, ஓரத்தில் வறுத்த நெத்திலி, நிலக்கடலை, அரை முட்டை, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் ஒரு சிவப்புத் துவையல். எல்லாம் வாழையிலையில் கூம்பாகக் கட்டி வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தது என்று இரண்டாவது பொட்டலமும் வாங்கினேன். அது தவறு. அதைவிடப் பெரிய தவறு படகில் முன்னால் போய் உட்கார்ந்தது. பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்தால் விடுவோமா? வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

படகு கிளம்பிய பிறகுதான் விவரம் யாருக்குத் தெரியாது என்பது தெரிந்தது. ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் ஆகாயத்துக்குப் போய்விட்டு கருங்கல்லில் விழுவதுபோல விழுந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறேன், ஒரு நாள்கூட வாந்தி எடுத்ததில்லை. சமவெளிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர்கள் அத்தனை பேரிடமும் அந்த முக்கால் மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பொட்டலமும் தென்சீனக் கடலுக்குப் போயின.

தீவில் துறை கிடையாது. கரைக்குக் கொஞ்சம் முன்பாகவே படகை நிறுத்தி இறங்கு என்றார்கள். நான் போட்டிருந்தது பேன்ட், இன் பண்ணிய சட்டை, ஷூ. வெளிநாட்டுக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். முழங்கால் தண்ணீரில், தலையில் பெட்டியோடு, இன் பண்ணிய சட்டையோடு, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனைப் போலக் கரையேறினேன். மணலில் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

கரையோரம் நெடுகத் தங்குமிடங்கள்தான். முதலில் தென்பட்டதற்குள் நுழைந்தேன். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் கயிற்றுத் தொட்டிலில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். தொழில் பாசத்தில் மேசை மணியைத் தேடினேன், இல்லை. இருமினேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "பிடித்த கட்டிலில் படுத்துக்கொள்" என்றான்.

ஓர் அறை. அதில் பதினாறு கட்டில், அடுக்கடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று. ஆண், பெண் எல்லாம் கலந்து. எங்கள் லாட்ஜுக்கு ஒரு ஜோடி வந்தால் ஆதாரை வாங்கிப் பார்ப்போம், முகவரி ஒன்றுதானா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் முதலாளி கல்யாண போட்டோ வரை கேட்பார். இங்கே பதினாறு பேர். யார் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, அதில் யாருக்கும் அக்கறையும் இல்லை. முதலாளி இதைப் பார்த்திருந்தால் அங்கேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இந்த மாதிரி அறை புதிதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் அரசு விடுதியில் வளர்ந்தவன். அங்கே ஓர் அறைக்கு இருபது பேர், கட்டில் கிடையாது, தகரப் பெட்டிதான் எல்லைக் கல். அப்போது அதற்குப் பெயர் வசதிக் குறைவு. கலெக்டருக்கு மனு எழுதினோம். இங்கே அதற்குப் பெயர் அனுபவம். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள்.

பக்கத்துக் கட்டில்காரன் யான் என்ற ஹாலந்து பையன். எட்டு மாதமாகச் சுற்றுகிறானாம்.

"எதற்காக?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றையும் விட்டு விலகி இருக்க. நீ?"

"அக்கா வீட்டுக்காரரைத் தேடி வந்திருக்கிறேன்."

அவன் நீண்ட நேரம் தலையாட்டினான். "ஆழமான பதில்" என்றான்.

இரண்டாம் நாள் மேட்டுப் பக்கம் இருந்த குடில்களுக்கு மாறினேன். மச்சான் அங்கே இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. மலைக்காரன் மேட்டில்தானே இருப்பான்? இருக்கவில்லை. அதற்குப் பதில் கன்றுக்குட்டி அளவில் ஓர் உடும்பு இருந்தது. குளியலறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றது. அதுவும் அங்கே தங்கியிருப்பவர்களில் ஒருவர் என்பதுபோல ஒதுங்கி நடந்தார்கள். கொசுவலையில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. யாரோ முன்னால் தங்கியவர் அதை ஒரு தலைமுடிக் கிளிப்பால் இறுக்கியிருந்தார். அந்த உத்தமி எந்த நாடோ, நன்றாக இருக்கட்டும்.

குடில்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே குளிர்சாதனப் பெட்டி. அதில் ஒவ்வொரு பொருளிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அரை எலுமிச்சம்பழத்துக்குப் பெயர். நாலு முட்டைக்கு நாலு பெயர். எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை முற்றினால்தான் இந்த நிலைமைக்கு வருவோம். ஒரு பிரெஞ்சு ஜோடி மூன்று வேளையும் வெறும் நூடுல்ஸை வேக வைத்து, உப்பு மட்டும் போட்டுச் சாப்பிட்டார்கள். பார்க்கப் பொறுக்காமல், அப்பா மச்சானுக்கென்று கொடுத்தனுப்பிய மிளகில் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் போட்டேன். அந்தப் பெண் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த மிளகு எனக்குத் தெரியும். ராஜாவின் ஆம்லெட்டில் இதே வாசனை" என்றாள்.

"எந்த ராஜா?"

"ராஜாவைத் தெரியாதா? தீவில் எல்லாருக்கும் தெரியும். பாறைக்கு அந்தப் பக்கம், ரொஹானி அக்காவின் விடுதி."

சின்னராசு இங்கே ராஜாவாகப் பதவி உயர்வு பெற்றிருந்தார். அவர் கொண்டுவந்த கொட்டச்சேட்டு மிளகு இத்தனை நாள் தீராமல் இருந்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அக்கா மாதம் ஒரு பொட்டலம், வந்து போகிற கப்பல்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறாள்; அவர் படகுத்துறையில் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுவார், தீவுக்குள் வந்ததில்லை. எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றிப் போனேன். பலகையால் கட்டிய நீளமான கூடம், பச்சைத் திரை தொங்கும் பன்னிரண்டு கட்டில், பக்கத்தில் ஓலைக்கூரை போட்ட சமையல்கட்டு. அங்கே அரைக்கால் சட்டை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கையில் தோசைத் திருப்பியோடு மச்சான். சுற்றிலும் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் தட்டோடு நின்றார்கள். பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல.

என்னைப் பார்த்தார். ஒரு கணம் கையிலிருந்த திருப்பி நின்றது. பிறகு ஆம்லெட்டைப் புரட்டினார்.

"வாங்க. பட்டதாரிங்க வந்திருக்கறாங்க. உக்காருங்க" என்றார்.

என்னை ஆறு வருடமாக "டேய் மாப்ள" என்றே கூப்பிட்டவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது காப்பிச் செடிக்குள் விட்டேன் என்று முதுகில் அறைந்தவர். அவர் 'வாங்க' என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"மச்சான், நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறமுங்க. கட்டில் வேணுமுங்களா? ஒம்பதாம் நம்பர் மேல் கட்டில்தான் இருக்குது."

அதோடு தமிழ் முடிந்தது. பெட்டகச் சாவி, துண்டு, போர்வை எல்லாம் கொடுத்து, விடுதியின் விதிகளை இங்கிலீஷில் சொன்னார். செருப்பு வெளியே. மணலோடு கட்டிலில் ஏறாதே. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. மற்ற வாடிக்கையாளருக்குச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார் என்று பிறகு பார்த்தேன்.

அன்று முழுவதும் நான் அந்த 'ஒருத்தி'யைத் தேடினேன். அதற்குத்தானே வந்தது? விடுதிக்காரி ரொஹானி அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல். கணவர் கரையில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் காலுக்குள் ஓடின. வந்து தங்கும் பெண்கள் மூன்று நாளில் உடம்பு சிவந்து கிளம்பிவிடுகிறார்கள். வெட்கமில்லாமல் மச்சான் தூங்கும் இடத்தையும் எட்டிப் பார்த்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றைக் கட்டில். சுவரில் மகளின் பள்ளிக்கூட போட்டோ. பக்கத்தில் அக்கா, கல்யாணத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம். போட்டோக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியது அது. அதை எங்கிருந்து பொறுக்கினாரோ.

ஒருத்தியும் இல்லை. அப்படியானால் ஏன் வரவில்லை?

மத்தியானம் பாத்திரம் கழுவும் இடத்தில் பிடித்து நேராகவே கேட்டேன்.

"மச்சான், அக்கா தனியா நொம்பச் சிரமப்படுதுங்க. எப்பத்தான் வருவீங்க?"

வானத்தைப் பார்த்தார். "மழ வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

நான்காம் நாள் காலை ரொஹானி அக்கா என்னைத் தேங்காய் துருவ உட்கார வைத்தாள். அரைகுறை இங்கிலீஷ், மிச்சம் மலாய், அதற்கும் மிச்சம் கை ஜாடை. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீ ராஜாவின் யார்?"

"அவர் மனைவியின் தம்பி."

துருவலை நிறுத்தினாள். "புது வீடு கட்டிய தம்பியா?"

மாரமங்கலத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் தளம் போட்ட வீடு கட்டினோம். ஆவணியில் புதுமனை புகுவிழா. இந்தக் கடலோரக் கிழவிக்கு அது எப்படித் தெரியும்?

"அந்த வருடம் ராஜா தினமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்றாள். "ஊருக்குப் போக வேண்டும், விடுமுறை கொடு, மனைவி வீட்டில் விசேஷம், என்னைக் கூப்பிடுவார்கள் என்றான். கொடுத்தேன். சட்டைகூட எடுத்து வைத்தான். ஒரு நாள் போனில் ஒரு படம் வந்தது. இங்கிலீஷ். அவனுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்குத் தங்கியிருந்த ஜெர்மன்காரியிடம் கொடுத்தான். அவள் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். 'உன் நண்பர்கள் வீடா ராஜா?' என்று அவள் கேட்டாள். அவன் ஆமாம், நண்பர்கள் என்றான். சட்டையை உள்ளே வைத்துவிட்டான். அனுப்பியவன் நம்பரையும் போனில் தடுத்துவைத்தான்."

நான் கையைத் துருவிக்கொண்டேன். நிஜமாகவே, தழும்பு இருக்கிறது.

அந்த அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். போனில் இன்னும் இருந்தது. தங்க எழுத்து, ஓரத்தில் ரோஜா. நானே செய்தது. இணையத்தில் கிடைத்த மாதிரியை இறக்கிப் பெயர்களை மட்டும் மாற்றினேன். தங்கள் வருகையால் எங்களைக் கௌரவிக்க வேண்டுகிறோம் என்பதை இங்கிலீஷில் வளைத்து வளைத்து எழுதியிருந்தது. வீட்டில் யாருக்கும் புரியாததால் எல்லாரும் பெருமைப்பட்டார்கள். முதலில் லாட்ஜ் குரூப்பில் போட்டேன். அங்கிருந்து கல்லூரி நண்பர்களுக்கு. அங்கிருந்து அப்படியே தள்ளி, மச்சானுக்கு. மேலே சின்னதாக, பகிரப்பட்டது என்ற குறியோடு.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டியவரை அந்த வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய் அழைக்க வேண்டும். அடுத்த வீட்டில் குடியிருந்தாலும் வாசல் வழியாகப் போய் அழைக்க வேண்டும். எட்ட இருந்தால் குறைந்தபட்சம் பெரியவர்கள் போன் செய்து, நேரில் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டு அழைப்பார்கள். அப்பா செய்யத்தான் இருந்தார். "நான் அனுப்பிட்டேன்பா, பாத்துட்டாரு, ரெண்டு நீல டிக் வந்துருச்சு" என்று நான்தான் தடுத்தேன்.

இதை ரொஹானி அக்காவிடம் சொன்னேன். புரிய வைக்கப் பெரிய பாடு படவேண்டும் என்று நினைத்தேன். அவள் பாதியிலேயே நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"வெற்றிலை இல்லாமலா? அக்கா புருஷனையா? போனிலா?"

"உங்களிடமும் உண்டா?"

"பெண் கேட்கப் போனால் வெற்றிலை. கல்யாணத்துக்கு அழைக்கப் போனால் வெற்றிலை. என் மகள் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணனை அழைக்க, வெற்றிலைப் பெட்டியோடு தெருவைச் சுற்றிப் போனேன். வேலி வழியாகக் கூப்பிட்டால் அவன் வருவானா?" என்றாள். "நீ படித்தவனாமே?"

பிறகு கத்தியோடு கொல்லைக்குப் போனாள். குளியலறைக் கழிவுநீரில் செழித்து, வெற்றிலைக் கொடி ஒரு மரத்தைச் சுற்றி ஏறியிருந்தது. கொத்தாகப் பறித்தாள். பாக்கு டப்பாவில் இருந்தது. தேங்காய்க்குத் தீவில் குறைவில்லை. வாழைப்பழம் பிரெஞ்சு ஜோடியுடையது. குடிலைக் காலிசெய்துவிட்டு முந்தின நாள்தான் இங்கே வந்திருந்தார்கள். பழத்தில் பெயர் ஒட்டியிருந்தது. பிய்த்துவிட்டேன். மஞ்சள் கிழங்கைத் தோலோடு எடுத்துக் கழுவினோம். பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கினாள், என்னைவிட நேர்த்தியாக.

அழைக்கிறவர் வயதில் பெரியவராக இருக்க வேண்டும். அதனால் அப்பாவை வீடியோவில் பிடித்தேன். சிக்னலுக்காக அவர் வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி, துண்டை எடுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நின்றார். மச்சான் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் கட்டில்களில் கிடந்தார்கள். நான் ஒரு கையில் தட்டு, மறு கையில் அப்பாவோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

மச்சான் தட்டைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு போனைப் பார்த்தார். மறுபடி இறுகிப்போனது.

"மாப்பிள்ளைங்களா! சத்தம் கேக்குதுங்களா?" என்று அப்பா பாறையிலிருந்து கத்தினார்.

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரிப்பை உதறினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பா, நான் அப்பறம் கூப்பிடறேன்" என்று அணைத்து, போனை ஒன்பதாம் நம்பர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்து தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. இதையெல்லாம் எப்போதும் அப்பா சொல்வார். நான் பின்னால் நின்று போன் பார்ப்பேன்.

"மச்சான்… மாரமங்கலத்துல நம்ம புது ஊட்டுக்குப் பால் காச்சறமுங்க. நீங்களும் அக்காளும் முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்."

கூடத்தில் யாரோ "ஐயோ கடவுளே" என்று கிசுகிசுத்தார்கள். ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஏந்திய பூத்தட்டு, எதிரே விரிப்போடு நிற்கும் ஆள், மோதிரம் ஒன்றுதான் குறை. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

மச்சான் கேட்டார்: "எப்பங்க?"

"ஆவணியிலங்க."

"எந்த ஆவணிடா?"

அந்த 'டா' விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போன ஆவணிக்கு முந்துன ஆவணி மச்சான்."

மச்சான் யோசித்தார். சுவரில் இருந்த காலண்டரைக்கூட ஒருமுறை பார்த்தார். "அன்னைக்கு எனக்கு வேற சோலி ஒண்ணுமில்ல. வந்தர்றேன்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார்.

கூடமே எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது. யானும் எப்போது வந்தானோ, ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா வீட்டுக்காரர் என்றாயே, இதுதானா அந்த ஆழம்!" என்றான். பிரெஞ்சுப் பெண் அழுதாள். அவள் வாழைப்பழம் என்பதால் அல்ல. விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மச்சான், "உடுடா மாப்ள. மூணு நாள்ல போயிருவாங்க. சந்தோசமாப் போகட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலையை நரம்பு கிள்ளி மடித்துக்கொண்டே கேட்டார்: "உங்கக்கா என்னடா சொல்லி அனுப்புனா?"

மறைக்க நினைத்தேன், முடியவில்லை. அப்படியே சொன்னேன். ஒருத்தி இருந்தால் இருக்கிறது என்று வந்து சொல், நான் மிளகைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மடித்த வெற்றிலை வாய்க்குப் போகவில்லை.

"அவ அப்புடியா நெனச்சா?"

"ஊரே அப்படித்தான் நெனைக்குது. உங்களுக்கு ரெண்டு பசங்க இருக்கறாங்க மச்சான். பெரியவன் நல்லாப் படிக்கறானாம்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நான் கோவப்பட்டது உங்க மேலடா. அவ மேல இல்லியே."

"அது அவளுக்கு எப்படித் தெரியுமுங்க? நீங்க மழையப் பத்தித்தான பேசுனீங்க?"

தீவில் அடைமழைக் காலம் வந்தால் படகு நின்றுவிடும், விடுதிகளை எல்லாம் மூடிவிடுவார்கள். கூரையைக் கட்டி, கட்டில்களை அடுக்கி, இன்ஜினுக்கு எண்ணெய் போட்டு மூடிவிட்டுத் தை பிறந்ததும் வருகிறேன் என்று மறுநாள் என்னைப் படகேற்றும்போது சொன்னார். என்னைப் பின்னால் உட்கார வைத்தார்.

சொன்னபடி தை மாதம் வந்தார். ஏற்காடு பஸ் நிலையத்தில் அழைக்கப் போயிருந்தேன். அரைக்கால் சட்டை, முதுகில் அவர் உயரத்துக்கு ஒரு பை, கறுத்துப் போன முகம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு பேர் ஓடி வந்து மறித்து, "சார், ரூம்? டென்ட்? லேக் வியூ?" என்றார்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, ஒரு கூடத்துக்கு எத்தன கட்டில் போட்டிருக்கறீங்க?" என்று விசாரித்தார். ஒரு அறைக்கு ஒரு கட்டில்தான் என்றார்கள். "பொழைக்கத் தெரியாதவங்க" என்றார்.

அழைத்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று பிடிவாதம். மாரமங்கலத்தில் அப்பா மறுபடியும் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். இரண்டு வருடம் பழசான புது வீட்டில், வலது காலை வைத்து மச்சான் நுழைந்தார். வேட்டி துண்டு கொடுத்தோம். பால் பொங்கியது. எல்லாம் முறையாக நடந்தது. அக்கா மட்டும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, மிளகு பழுத்துக் கொட்டுகிறது, எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். மச்சான் பாலை அரை டம்ளரோடு வைத்துவிட்டார்.

கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மச்சானுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்கள். வீடு திறந்து கிடந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஆள் இல்லை. மேலே எங்கோ இலை சலசலத்தது. வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி படர்ந்த பெரிய சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாய்த்திருந்தது. அதன் உச்சிக்குப் பக்கத்தில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அக்கா மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். அந்த ஏணிக்கு எப்போதும் கீழே ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குப் புரண்டுவிடும். கீழே ஒரு கயிற்றால் மரத்தோடு கட்டி வைத்திருந்தாள். கயிறு நைந்திருந்தது.

மச்சான் அண்ணாந்து பார்த்தார்.

"பொன்னி."

மேலே கை நிற்கவில்லை. மிளகுச் சரம் ஒன்று சாக்குக்குள் விழுந்தது.

"அங்க யாருமில்ல புள்ள" என்றார் மச்சான். "எங்கயும் யாருமில்ல."

இன்னும் இரண்டு சரம் சாக்குக்குள் விழுந்தன. பிறகு அக்கா கீழே பார்க்காமலே சொன்னாள்: "ஊடு தொறந்துதான் கெடக்குது. சோறு இருக்குது. போய்த் தின்னுட்டு வாங்க."

மச்சான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. முதுகில் இருந்த பையைக்கூட இறக்காமல் போய், இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அது அசையாமல் நின்றது. அக்கா ஒரு படி மேலே ஏறினாள்.